மூன்றாம் குழுக்காரர்

செருப்புக் கடையில் அவரை எல்லாரும் அளவுக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். வருகிறவரை உட்கார வைத்து, குதிகாலை அளவுப்பலகையில் ஒட்ட வைத்து, கட்டைவிரல் நுனிவரை தடுப்பை நகர்த்தி, எண்ணைச் சொல்வது அவர் வேலை. இருபத்தாறு வருடத்தில் முகங்கள் எல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. கால்கள் கலக்கவில்லை. தெருவில் யாராவது நலம் விசாரித்தால் முதலில் கீழே பார்த்துவிட்டு, "ஓ, நீங்களா" என்பார்.

அவருடைய சொந்தக் கால்கள் எப்போது மரத்துப்போக ஆரம்பித்தன என்று அவரால் சொல்ல முடியவில்லை. முதலில் வலது காலின் கடைசி இரண்டு விரல்கள் காணாமல் போன மாதிரி இருந்தது. குனிந்து பார்த்தார், இருந்தன. இருக்கிறதே என்று விட்டுவிட்டார். பிறகு பாதத்தின் முன்பாதி போயிற்று. குளியலறைத் தரை ஜில்லென்று இருக்கிறதா என்று மனைவியைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அதைப் பற்றி அவருக்குப் பெரிய கவலை இல்லை. அந்த நாட்களில் எதைப் பற்றியுமே பெரிய கவலை இல்லை. தாகம் மட்டும் இருந்தது.

கடையிலிருந்து இரண்டு தெரு தள்ளிப் பல்கலைக்கழகத்தின் நுகர்வோர் நலவாழ்வு நடத்தை மற்றும் சந்தை அணுகுமுறை உயராய்வு மையம் இருந்தது. நான்கு மாடிக் கண்ணாடிக் கட்டடம். பெயர்ப்பலகை முன்சுவரில் தொடங்கி, மூலை திரும்பி, பக்கச்சுவரில் முடியும். முழுப்பெயரையும் படிக்க வேண்டுமென்றால் நடக்க வேண்டும். அங்கிருந்து ஒரு பெண் வந்தாள். கழுத்தில் அட்டை, கையில் படிவக் கட்டு. ஆய்வு உதவியாளர் என்று சொன்னாள். மக்கள் எந்த மாதிரி விளம்பரத்தைப் பார்த்தால் மருத்துவரிடம் போகிறார்கள் என்று ஆராய்கிறார்களாம், ஆள் வேண்டுமாம், ரத்தம் இலவசமாகப் பரிசோதிப்பார்களாம்.

வீட்டில் சொன்னபோது மனைவி கையிலிருந்த இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். அவள் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்ப்பவள். எதையும் இரண்டு முறை சொல்லும் பழக்கம் இல்லாதவள்.

"போய்ட்டு வாங்க. நீங்களா எந்தக் காலத்துல டாக்டர்கிட்ட போகப் போறீங்க? பேன்ட்டு எல்லாம் இடுப்புல நிக்க மாட்டேங்குது, ராத்திரி பூரா தண்ணி. அவங்களாவது என்னன்னு பாத்துச் சொல்லட்டும்."

போனார்.

ஒப்புதல் படிவம் இருபத்திரண்டு பக்கம். கடைசிப் பக்கத்தில், 'இந்தப் படிவத்தை நான் படிக்கவில்லை என்பதைப் படித்துப் புரிந்துகொண்டேன்' என்று ஒரு வரி இருந்தது. அதன் கீழே கையெழுத்துப் போட்டார். ரத்தம் எடுத்தார்கள். கம்ப்யூட்டர் அவருக்கு நானூற்றுப் பதினேழு என்று எண் கொடுத்தது. பிறகு உதவியாளர் பெண் ஒரு துண்டறிக்கையை நீட்டினாள். பளபளப்பான தாள். மேலே 'மேகங்களின் வகைகள்' என்று போட்டிருந்தது. உள்ளே பஞ்சு மாதிரி ஒன்று, செதில் மாதிரி ஒன்று என்று படம் படமாக மேகங்கள்.

அவர் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"இதுல உடம்பைப் பத்தி ஒண்ணுமே இல்லையேம்மா."

"இருக்கக் கூடாது சார். முதல் குழுவுக்குப் பயமுறுத்துற அறிக்கை, கறுத்துப்போன கால் படம் போட்டது. ரெண்டாவது குழுவுக்கு அன்பான அறிக்கை, சிறுநீரகம் சிரிச்சுக்கிட்டே கட்டிப்பிடிக்கிற மாதிரி. நீங்க மூணாவது குழு. உங்களுக்கு எதுவுமே சொல்ல மாட்டோம். சொல்லாம விட்டா என்ன ஆகுதுன்னு பாப்போம்."

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"இதை நான் உங்ககிட்ட சொல்லியிருக்கவே கூடாது. தயவுசெஞ்சு மறந்துடுங்க சார்."

"சரிம்மா."

"அப்படிச் சொன்னா போதாது. அதுக்கு ஒரு படிவம் இருக்கு."

'இன்று என்னிடம் கூறப்பட்டதை மறந்துவிட்டேன்' என்பதன் கீழே அவர் கையெழுத்துப் போட்டார். எது கூறப்பட்டது என்ற இடத்தைக் காலியாக விடச் சொன்னாள். எழுதினால் ஞாபகம் இருப்பதாக ஆகிவிடுமாம்.

அதன்பிறகு வாரம் ஒருமுறை போய்க் கேள்வித்தாள் நிரப்பினார். எல்லாக் கேள்விக்கும் ஒன்றிலிருந்து ஏழுக்குள் ஓர் எண்ணைச் சுழிக்க வேண்டும். கடந்த ஏழு நாட்களில் மருத்துவர் என்ற சொல் உங்கள் மனத்தில் எந்த அளவுக்கு இதமாக ஒலித்தது? குளிர்பானப் புட்டி ஒன்றைப் பார்க்கும்போது அது உங்களை மதிப்பதாக உணர்கிறீர்களா? நீங்கள் நோயுற்றால் எந்த நிறத்தில் நோயுற விரும்புவீர்கள்? அளவுக்காரர் எல்லாவற்றுக்கும் நான்கைச் சுழித்தார். அளவு சரியாகத் தெரியாத காலுக்கு நடுவான எண்ணில் ஆரம்பிப்பது கடையில் வழக்கம்.

முப்பத்தொன்றாவது கேள்வி 'மற்றவை' என்பது. அங்கே இரண்டு விரற்கடை அகலத்துக்கு ஒரு கோடு இருந்தது. அதில் ஒவ்வொரு வாரமும், 'கால் மரத்துப் போகிறது' என்று எழுதினார். நான்காவது வாரம் இடம் போதாமல், 'இடது காலும்' என்று மட்டும் எழுதினார். எட்டாவது வாரம் உதவியாளர் பெண்ணிடம் கேட்டார்.

"அந்த முப்பத்தொண்ணாவது கேள்வியை யாராவது படிக்கிறாங்களாம்மா?"

"கண்டிப்பா சார். ஒவ்வொண்ணையும் கம்ப்யூட்டர்ல ஏத்தறோம்."

"என்னன்னு ஏத்தறீங்க?"

"தொண்ணூத்தொம்பது."

"அப்படின்னா?"

"பதில் இல்லைன்னு அர்த்தம் சார்."

அவர் தலையாட்டினார். பிறகு, வந்த விஷயம் அதுதான் என்பதால், ரத்தப் பரிசோதனை முடிவு என்னாயிற்று என்று கேட்டார். அவள் முகம் மலர்ந்தது. உள்ளே ஓடிப்போய் நாற்பது கேள்விகள் கொண்ட ஒரு தாளை எடுத்து வந்தாள். முடிவை அறியும் விருப்ப அளவுகோல். அளவுக்காரர் முதல்முறையாக நான்கை விட்டு, நாற்பதுக்கும் ஏழைச் சுழித்துக் கொடுத்தார். அவள் கூட்டிப் பார்த்தாள்.

"இருநூத்தி எண்பது! இந்த மையத்துலயே இதுவரைக்கும் யாரும் இவ்வளவு எடுத்ததில்ல சார். வாழ்த்துகள்."

"அப்போ சொல்லுவீங்களா?"

"இல்ல சார். விருப்பம் எவ்வளவுன்னு தெரிஞ்சுக்கத்தான்."

மனைவி அன்று மாலை இதைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தாள். "பெரிய இடம்ங்க அது. மோசமா ஏதாவது இருந்தா சொல்லாமலா விட்டுடுவாங்க? சொல்லலைன்னா ஒண்ணும் இல்லைன்னுதான் அர்த்தம்" என்றாள். அவருக்கும் அது நியாயமாகப் பட்டது. அவ்வளவு பெரிய கட்டடத்தில் இருப்பவர்களுக்குத் தெரியாதா? மாடிப்படியில் ஏறும்போது கால் எங்கே பதிகிறது என்று கண்ணால் பார்த்துப் பார்த்து வைத்தார். கடையில் இரண்டு முறை முக்காலி தடுக்கி விழுந்தார். முதலாளி முக்காலியை மாற்றினார்.

மூன்றாவது மாதம் அவரை இயக்குநர் அழைத்தார். இருநூற்று எண்பது எடுத்த ஆளை நேரில் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டாராம். அறை முழுக்கக் கேடயங்கள். அவற்றுக்கு நடுவே இயக்குநர், ஒரு கேடயத்தைப் போலவே துடைத்துப் பளபளவென்று உட்கார்ந்திருந்தார். மூலையில் பூட்டிய இரும்பு அலமாரி.

"உக்காருங்க, உக்காருங்க. உங்களை மாதிரி ஆளுங்களுக்காகத்தான் நான் முப்பது வருஷமா உழைக்கிறேன். மக்களோட ஆரோக்கியம்தான் எனக்கு உயிர். ஆனா மக்கள்னா மொத்தமா. ஆயிரம் பேர், பத்தாயிரம் பேர். ஒருத்தர் ஒருத்தரா வந்தா எனக்கு என்ன பண்றதுன்னே தெரியாது."

"என் டெஸ்ட் ரிசல்ட்டு சார்..."

"அதோ, அந்த அலமாரியில இருக்கு. என்ன இருக்குன்னு எனக்கே தெரியாது. தெரிஞ்சுக்க ஆசையா இருக்கும்னு எனக்கே பயந்து, சாவியை நெறிமுறைக் குழுகிட்ட குடுத்துட்டேன். எவ்வளவு நேர்மை பாருங்க."

"தெரிஞ்சா என்ன சார் ஆகும்?"

"உடம்புக்கு ஏதாவது இருந்தா நீங்க டாக்டர்கிட்ட போயிடுவீங்க."

"அது நல்லதுதானே சார்?"

"உங்களுக்கு நல்லது" என்றார் இயக்குநர். எதிரிலிருப்பவரின் சுயநலத்தை ஒரு கணம் பொறுத்துக்கொண்டார். "இங்க பாருங்க. எங்க அறிக்கையைப் பாத்து நீங்க போனா அது கண்டுபிடிப்பு. வாயால சொல்லி நீங்க போனா அது வெறும் வைத்தியம். வைத்தியம் பண்றதுக்கு ஊர்ல ஆயிரம் பேர் இருக்காங்க. சொல்லாம இருக்கறதுக்கு எவ்வளவு பயிற்சி வேணும் தெரியுமா?"

இருந்தாலும் இயக்குநர் இரக்கமில்லாதவர் அல்லர். விஷயத்தை நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பினார். ஏழு பேர் மூன்று முறை கூடினார்கள். கடைசியில் அளவுக்காரரின் வீட்டுக்குக் கடிதம் வந்தது. பரிசோதனை முடிவைத் தெரிவிப்பது பங்கேற்பாளருக்கு மனவருத்தத்தை உண்டாக்கக்கூடும் என்பதால், அவருடைய நலன் கருதித் தெரிவிக்க வேண்டாம் என்று குழு ஒருமனதாக முடிவு செய்திருந்தது. மனவருத்தம் உண்டாக்கக்கூடிய முடிவு என்றால் அது எப்படிப்பட்ட முடிவு என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. மனைவி கடிதத்தை இரண்டு முறை படித்தாள். அதுவரை எதையும் அவள் இரண்டு முறை படித்து அவர் பார்த்ததில்லை.

"நாளைக்கு ஒரு டாக்டர்கிட்ட போலாமா?" என்றாள்.

"இன்னும் ஒரு தடவைதான் கூப்பிட்டிருக்காங்க. வர்ற வாரம். கடை மாதிரி ஒண்ணு கட்டியிருக்காங்களாம். அதை முடிச்சுட்டுப் போலாம்."

நாலு மாதம் போய்விட்டுக் கடைசித் தடவையை விட்டுவிடுவானேன் என்று அவருக்கு இருந்தது. அதைத் தவிர வேறு காரணம் இல்லை.

கட்டடத்தின் அடித்தளத்தில் நிஜக் கடையைப் போலவே ஒரு கடை. அலமாரி அலமாரியாக அட்டைப் பெட்டிகள், புட்டிகள், தூக்குக் கூடை, பின்னணியில் மெல்லிய இசை. பெட்டிகளுக்குள் ஒன்றும் இல்லை. ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கருங்கண்ணாடி. அதற்குப் பின்னால் ஆராய்ச்சியாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பார்வை எங்கெங்கே போகிறது என்று பதிவு செய்யும் கனமான கண்ணாடி ஒன்றை அளவுக்காரருக்கு மாட்டினார்கள். செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். தரையில் விரித்திருந்த வெள்ளை விரிப்பு, கால் எங்கே படுகிறது என்று கணக்கெடுக்குமாம்.

"நாப்பது நிமிஷம் சார். நிஜமா கடைக்கு வந்த மாதிரி இயல்பா நடங்க" என்றாள் உதவியாளர் பெண்.

அவர் இயல்பாக நடந்தார். கால் பதிவதைப் பார்க்கக் குனிய முடியவில்லை. குனிந்தால் கண்ணாடி நழுவிற்று. அதனால் நேராகப் பார்த்துக்கொண்டு நடந்தார். ஒரு சூப் பெட்டியை எடுத்தார், வைத்தார். உப்புக் குறைந்த பிஸ்கட், சர்க்கரை குறைந்த பிஸ்கட், பிஸ்கட்டே குறைந்த பிஸ்கட் என்று மூன்று வகை இருந்தன. மூன்றையும் தூக்கிப் பார்த்தார். எடை ஒன்றாகத்தான் இருந்தது.

மூன்றாவது அலமாரியின் அருகே விலைச்சீட்டைக் குத்தி வைக்கும் தட்டைத்தலை ஊசி ஒன்று விழுந்து கிடந்தது. அது அவருடைய வலது காலில் ஏறியது. அவர் தொடர்ந்து நடந்தார்.

கருங்கண்ணாடிக்குப் பின்னால் என்ன நடந்தது என்பது பிற்பாடு விசாரணைக் குறிப்புகளிலிருந்து தெரிய வந்தது. தரைவிரிப்பின் கருவி அன்று காலையிலிருந்தே வேலை செய்யவில்லை. எல்லாரும் சோர்ந்து போயிருந்த நேரத்தில்தான் வெள்ளை விரிப்பில் சிவப்புத் தடங்கள் ஒவ்வொன்றாகத் தோன்றின.

"சார், அவருக்கு ரத்தம் வருது" என்றாள் உதவியாளர் பெண்.

"அவருக்குத் தெரியுமா?" என்று கேட்டார் இயக்குநர்.

"தெரியலை போல சார்."

"அப்போ நாம சொன்னா அது தகவல் ஆயிடும். மூணாவது குழு. விடுங்க." பிறகு முன்னால் சாய்ந்து பார்த்தார். "பாருங்க, பிஸ்கட்டுக்கிட்ட மூணு தடவை திரும்பி வந்திருக்கார். எவ்வளவு தெளிவா விழுது! கருவியில கூட இப்படி விழாது. யாராவது படம் எடுங்க."

இருபத்தெட்டாவது நிமிடம் கதவு திறந்தது. நாலு மணி ஆகியிருந்தது. அடித்தளத்தைத் துடைக்கும் நேரம் நாலு மணி. அதை மாற்ற வேண்டும் என்று துப்புரவுக்கார அம்மாவிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. நீலச் சீருடையும் வாளியுமாக உள்ளே வந்தவள் தரையைப் பார்த்தாள். ஒரு தடத்திலிருந்து அடுத்த தடமாகக் கண்ணை ஓட்டி அவரிடம் வந்து நின்றாள்.

"ஐயா, நில்லுங்க. அசையாதீங்க. உங்க கால்ல ரத்தம்."

அவரைத் தோளைப் பிடித்து ஒரு பெரிய பெட்டியின் மேல் உட்கார வைத்தாள். பெட்டி அப்படியே நசுங்கி உள்ளே போயிற்று. பிறகு தரையிலேயே உட்கார வைத்தாள். அவர் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். இருபத்தாறு வருடமாக எத்தனையோ பேருடைய காலைப் பிடித்தவர். தன் காலை இன்னொருவர் பிடித்து அவருக்கு ஞாபகம் இல்லை.

ஊசி தலை வரைக்கும் ஏறியிருந்தது. நகத்தால் நெம்பி எடுத்தாள்.

"வலிச்சுதா?"

"இல்லை."

"இங்க அமுக்கறேன். தெரியுதா?"

"இல்லை."

"இங்க?"

அவர் கொஞ்சம் கவனித்துப் பார்த்தார். "நீங்க இப்போ தொட்டுக்கிட்டுத்தான் இருக்கீங்களா?" என்று கேட்டார்.

அவள் காலைத் திருப்பினாள். கடைசி இரண்டு விரல்களுக்கு நடுவில், அவர் பல நாட்களாகப் பார்க்காத ஒரு புண் இருந்தது. ஓரம் கறுத்திருந்தது.

"எங்க வீட்டுக்காரருக்கு இப்படித்தான் இருந்துச்சு. சர்க்கரை ஐயா. நாளைக்கு, நாளைக்குன்னு வெச்சு வெச்சு, முட்டி வரைக்கும் போச்சு. நீங்க வெக்காதீங்க. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்க. எந்திரிங்க. மொதல்ல அந்தக் கண்ணாடியைக் கழட்டுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றி சூப் பெட்டிகளின் மேல் வைத்துவிட்டுப் போனார். ஒலிபெருக்கியில் யாரோ, "சார், இன்னும் பன்னிரண்டு நிமிஷம் இருக்கு" என்றார்கள்.

ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியிருந்தது. காணாமல் போன மாதிரி இருந்த அதே இரண்டு. நாலு மாதம் முன்னால் வந்திருந்தால் மாத்திரையோடு போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார்.

"இத்தனை நாளா ஒரு ரத்த டெஸ்ட் கூட எடுக்கலையா?"

"எடுத்தேன் டாக்டர். நாலு மாசம் முன்னாடி."

"ரிசல்ட் என்ன வந்துச்சு?"

"பூட்டி வெச்சிருக்காங்க."

டாக்டர் பேனாவை மூடினார். நோயாளிக்கு மயக்கம் இன்னும் முழுசாகத் தெளியவில்லை என்று குறிப்பில் எழுதச் சொன்னார். மனைவி கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். "பெரிய இடம்னு நான்தான்..." என்று ஆரம்பித்தாள். பிறகு போர்வையை இழுத்து, கட்டுப் போட்ட காலை மூடினாள். மூடியதும் திரும்ப எடுத்துப் பார்த்தாள். மறுபடி மூடினாள். அவளை என்ன சொல்லித் தேற்றுவது என்று அவர் யோசித்தார். ஒன்றும் தோன்றவில்லை. அவருக்கு அழுகை வரும் என்று எதிர்பார்த்தார். அதுவும் வரவில்லை. உடம்பு முழுக்கவே கால் மாதிரி ஆகிவிட்டதோ என்று மட்டும் ஒருமுறை நினைத்துக்கொண்டார்.

ஐந்து வாரம் கழித்து மையத்திலிருந்து விசாரணைக்கு அழைப்பு வந்தது. அவருடைய விரல்களைப் பற்றிய விசாரணையாக இருக்கும் என்று நினைத்து, மனைவி ஆஸ்பத்திரிக் காகிதங்களை எல்லாம் அடுக்கிப் பையில் வைத்து அனுப்பினாள். அங்கே போன பிறகுதான் தெரிந்தது, விசாரணை துப்புரவுக்கார அம்மாவின் மேல். குற்றம்: தகுதியும் அனுமதியும் இன்றிப் பங்கேற்பாளர் ஒருவருக்கு நலவாழ்வுத் தகவல் வழங்கியது.

நீண்ட மேசைக்கு அந்தப் பக்கம் ஏழு பேர். அளவுக்காரருக்கு ஊன்றுகோல் இருந்ததால் நாற்காலி கொடுத்தார்கள். துப்புரவுக்கார அம்மா சுவரோரமாக நின்றாள். சீருடையைத் துவைத்துப் போட்டிருந்தாள்.

இயக்குநர் எழுந்து பேசினார். அவர் குரலில் நிஜமான வேதனை இருந்தது.

"மூணு வருஷ ஆய்வு. பதினாறு ஆராய்ச்சியாளர்கள். ஒரு எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கவே எட்டு மாசம் ஆச்சு. அத்தனையையும் இந்தம்மா ஒரே நிமிஷத்துல கலைச்சிருக்காங்க. என்ன சொன்னாங்கன்னு பதிவு இருக்கு, கேட்டேன். அதுல படம் இல்ல. நிறம் இல்ல. எந்தக் கோட்பாடும் இல்ல. 'இப்பவே போங்க'ன்னு இருக்கு. இது எப்படி வேலை செய்யும்? வேலை செஞ்சிருக்கவே கூடாது! இது வேலை செய்யும்னா, நாமெல்லாம் இங்க எதுக்கு உக்காந்திருக்கோம்னு கேள்வி வரும். அந்தக் கேள்வி வரக் கூடாதுன்னுதான் நான் வருத்தத்தோட சொல்றேன், இவங்களை வேலையில வெச்சுக்க முடியாது."

ஏழு பேரும் தலையாட்டினார்கள். குழுத் தலைவி அளவுக்காரர் பக்கம் திரும்பினாள்.

"பதிவுல சத்தம் சரியா இல்லை, நடுவுல பாட்டு ஓடுது. அதனால உங்க வாக்குமூலம் முக்கியம். இந்தப் பணியாளர் சொன்னதால நீங்க மருத்துவமனைக்குப் போனீங்களா? ஒண்ணுலருந்து ஏழு வரைக்கும் ஒரு எண் சொல்லுங்க."

அளவுக்காரர் அந்த அம்மாவைப் பார்த்தார். வழக்கம்போல முதலில் காலைத்தான் பார்த்தார். ஐந்தாம் எண் கால். ஆறாம் எண் செருப்பு போட்டிருந்தாள். யாரோ கழித்துக் கொடுத்ததாக இருக்க வேண்டும். வீட்டில் முட்டி வரை கால் போன ஒரு மனிதர் இருப்பது அவருக்கு ஞாபகம் வந்தது.

"எண் ஒண்ணும் வேண்டாம்" என்றார். "அந்தம்மா எதுவும் சொல்லலை. தரையைத் துடைக்க வந்தாங்க. நானா என் காலைப் பாத்தேன். நானா போனேன்."

"ஐயா" என்றாள் துப்புரவுக்கார அம்மா.

"எதுவுமே சொல்லலை" என்றார் அவர் மறுபடியும்.

இயக்குநர் நின்றபடியே மேலே பார்த்தார். உதடு அசைந்தது. பிறகு முகத்தில் மெல்ல மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது.

"முதல் குழுவுல எத்தனை பேர் டாக்டர்கிட்ட போனாங்க?" என்று கேட்டார்.

"யாரும் இல்ல சார்" என்றாள் உதவியாளர் பெண். "பயந்துபோய் அறிக்கையைப் பிரிக்கவே இல்லை."

"ரெண்டாவது குழு?"

"யாரும் இல்ல சார். சிறுநீரகப் படம் அழகா இருக்குன்னு சுவத்துல ஒட்டி வெச்சிருக்காங்க."

"மூணாவது குழுவுல?"

"இவர் ஒருத்தர் சார்."

"ஒண்ணு" என்றார் இயக்குநர் தழுதழுத்து. "ஒண்ணை சைபரால வகுங்க. எவ்வளவு? எல்லையே இல்லை. நம்ம ஆய்வுத் துறை வரலாற்றுலயே எல்லையில்லாத விளைவு இதுவரைக்கும் யாருக்கும் வந்ததில்லை."

துப்புரவுக்கார அம்மாவின் மேல் இருந்த வழக்கை அங்கேயே கைவிட்டார்கள். ஆனால் இனிமேல் பேசுவதில்லை என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். மக்களிடம் எதுவும் சொல்லாமல் மேகப் படம் கொடுத்தாலே அவர்கள் தாமாக மருத்துவரைத் தேடிப் போகிறார்கள் என்று கட்டுரை வெளிவந்தது. இயக்குநருக்கு இன்னொரு கேடயம் கிடைத்தது. மேகத் துண்டறிக்கையை லட்சக்கணக்கில் அச்சிட்டு எல்லா ஆஸ்பத்திரிகளுக்கும் அனுப்ப ஆணை வந்தது. பழைய அறிக்கைகளை, நோய்களைப் பற்றி விளக்கியவற்றை, எடுத்துவிட்டார்கள்.

அளவுக்காரர் மறுபடி கடைக்குப் போகத் தொடங்கினார். முக்காலியில் உட்காருவது கஷ்டமாக இருந்ததால் முதலாளி அவரைச் சரக்கறையில் பெட்டி அடுக்கப் போட்டார். ஒரு நாள் பிற்பகல், விடுவிப்புப் படிவத்தில் கையெழுத்திட வரச்சொல்லி மையத்திலிருந்து ஆள் அனுப்பினார்கள். போய்க் கையெழுத்திட்டார். இன்றிலிருந்து நீங்கள் பங்கேற்பாளர் இல்லை என்று உதவியாளர் பெண் சொன்னாள். அவர் நன்றி சொன்னார்.

நடைபாதையில் துப்புரவுக்கார அம்மா துடைத்துக்கொண்டிருந்தாள். சீருடையின் மார்பில் புதிதாக ஓர் அட்டை குத்தியிருந்தது. 'இவர் பங்கேற்பாளர்களுடன் பேசமாட்டார்.' அவரைப் பார்த்ததும் துடைப்பத்தை நிறுத்தினாள். இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"நீங்க இப்போ ஆய்வுல இருக்கீங்களா, இல்லையா?"

"இல்ல. இப்பதான் முடிஞ்சுது."

"அப்போ பேசலாம்" என்றாள். "ஏன் அப்படிச் சொன்னீங்க?"

அவள் கோபமாக இருக்கிறாள் என்பது அவருக்கு மெதுவாகத்தான் புரிந்தது.

"உங்க வேலை போயிடுமேன்னு..."

"போனா இன்னொரு கட்டடம். தரை இல்லாத கட்டடம் எங்க இருக்கு? பதினோரு வருஷமா இங்க இருக்கேன். யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசினதில்ல. அன்னிக்கு ஒரே ஒரு நாள், உருப்படியா நாலு வார்த்தை சொன்னேன். ஒரு மனுஷன் கேட்டு எந்திரிச்சுப் போனார். வீட்டுக்குப் போய் எங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். பல நாளா சரியா சாப்பிடாத மனுஷன், அன்னிக்கு அவரு சாப்பிட்டாரு. ஏழு பேர் முன்னாடி நீங்க அதை இல்லைன்னுட்டீங்க."

அளவுக்காரர் ஊன்றுகோலை இடது கைக்கு மாற்றினார். நெஞ்சில் ஏதோ சுருக்கென்றது. அதை என்னவென்று அடையாளம் காண அவருக்குச் சிறிது நேரம் பிடித்தது. பல மாதமாக அவருக்கு எங்கேயும் எதுவும் வலித்ததில்லை.

"தப்புத்தாம்மா" என்றார்.

"தப்பு இருக்கட்டும். அங்க பாருங்க."

நடைபாதை முடிவில் பெஞ்சில் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயதிருக்கும். நெஞ்சில் அடுத்த ஆய்வின் எண் ஒட்டியிருந்தது. மடியில் கேள்வித்தாள். தண்ணீர்ப் புட்டியை அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு மணி நேரத்துல அந்தப் புட்டியை அஞ்சு தடவை நிரப்பிட்டாங்க. என்னால பேச முடியாது, எழுதிக் குடுத்திருக்கேன். உங்க சட்டையில யாரும் அட்டை குத்தலையே."

சொல்லிவிட்டு அவள் முதுகைக் காட்டிக்கொண்டு துடைக்கத் தொடங்கினாள்.

அவர் பெஞ்சு வரைக்கும் போனார். நேரமாயிற்று. அந்த அம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்தார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"ரத்தம் எடுத்தாங்களா?" என்று கேட்டார்.

"எடுத்தாங்க. மூணு வாரம் ஆச்சு. ஒண்ணும் சொல்லலை, அதனால நல்லாத்தான் இருக்கும்னு வீட்டுல சொல்றாங்க."

"எங்க வீட்டுலயும் அப்படித்தான் சொன்னாங்க" என்றார். பேன்ட்டின் நுனியைத் தூக்கி, கட்டுப்போட்ட பாதத்தை முன்னால் நீட்டினார். "எனக்கும் இதே தாகம்தாம்மா. இவங்க சொல்ல மாட்டாங்க. கேட்டாலும் சொல்ல மாட்டாங்க. பக்கத்துலதான் ஆஸ்பத்திரி. இப்பவே போலாம், நானும் வரேன்."

அந்த அம்மாள் அவர் பாதத்தைப் பார்த்தாள். விரல்கள் இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தாள். கேள்வித்தாளில் பாதி சுழித்திருந்த எண்ணைப் பார்த்தாள். பிறகு சந்தேகத்தோடு அவர் முகத்துக்கு வந்தாள்.

"இதுவும் ஆய்வுல ஒரு பகுதியா?"

"இல்லம்மா."

"நிஜமா?"

"நிஜமா. நான் செருப்புக் கடையில வேலை பாக்கறேன்."

"அப்போ சரி" என்று அவள் எழுந்தாள்.

பின்னாலிருந்து உதவியாளர் பெண், "அம்மா, இன்னும் பதினாலு கேள்வி இருக்கு" என்று கூப்பிட்டாள். யாரும் திரும்பவில்லை. வெளியே வெயில் சாய்ந்திருந்தது. அவருக்குக் கால் அப்படி, அவளுக்கு அசதி அப்படி. இருவருமே மெதுவாகத்தான் நடந்தார்கள். அதனால் யாரும் யாருக்காகவும் நிற்க வேண்டியிருக்கவில்லை.